போட்டோவும் வீடியோவும் எடுக்க எந்த டிஎஸ்எல்ஆர் வாங்கலாம்?

காங்கேயம் பக்கம் இருக்கிறேன், கல்யாணத்தில் போட்டோவோடு வீடியோவும் எடுக்க கேனான் 1500டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டோ மட்டும் என்றால் போதுங்க, வீடியோவுக்கு வேண்டாம்.

முதல் காரணம், அதில் வெளி மைக் செருக வழியே இல்லை. நம்ம பக்கக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடும்போது படம் கொஞ்சம் ஆடினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் அந்த வீடியோவை வீட்டில் யாரும் இரண்டாம் முறை போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆடி மாதம் உடுமலைப் பக்கம் வெளியில் எடுத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் வெறும் இரைச்சலாக விழும், அதனால் வெளி மைக்கும் அதற்கு ஒரு பஞ்சு உறையும் கட்டாயம்.

அப்புறம் போகஸ். வீடியோ எடுக்கும்போது உள்ளே கண்ணாடி மேலே தூக்கி நிற்பதால், போட்டோவுக்கு வேகமாக போகஸ் பிடிக்கும் தனி சென்சாருக்கு வெளிச்சமே போகாது. கேனான் 2013-இல் 70டி-யில் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறையில் படம் பதியும் சென்சாரே போகஸையும் பிடித்துவிடும். அது 200டி மார்க் 2-இல் இருக்கிறது, மைக் துளையும் திரும்பும் திரையும் உண்டு, என் ஓட்டு அதற்குத்தான். அதில் 4கே வைத்தால் டூயல் பிக்சல் வேலை செய்யாது, படமும் ஓரங்களில் வெட்டுப்படும், ஆகவே 1080-லேயே (புல் எச்டி) எடுங்கள். கையில் பழைய லென்ஸ் எதுவும் இல்லையென்றால் உள்ளே இந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மண்டபத்து விளக்கு மினுக்காமல் இருக்க நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கின் மினுக்கலும் அதை ஒட்டியே வரும் என்பதால்தான் இந்தக் கணக்கு.