லேப் பிடிக்காத பயோடெக் மாணவிக்கு ஒரு வழி

ஐயா, எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த உங்கள் மகள் லேப் பக்கமே போகமாட்டேன் என்கிறார், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் விடாமல் படிக்கிறார் என்று கவலைப்படுகிறீர்கள். அந்தப் படிக்கிற பழக்கத்துக்கே ஒரு துறை இருக்கிறது: சயின்டோமெட்ரிக்ஸ், அதாவது ஆய்வுக் கட்டுரைகளையே அளந்து ஆராயும் துறை. எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்று தொடர்ந்துபோய், ஓர் ஆய்வு எங்கே தொடங்கியது என்று பார்ப்பது அதில் ஒரு பகுதி. 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு கொண்டுவந்த சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அட்டவணைதான் இதைச் சாத்தியமாக்கியது.

வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லான ஸ்டெம் செல்லையே எடுத்துக்கொள்வோம். டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லோ 1961-இல் எழுதிய அடிப்படைக் கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. எலி மஜ்ஜை செல்கள் கதிர்வீச்சை எவ்வளவு தாங்கும் என்பதுதான் தலைப்பு. வெளிவந்ததும் கதிர்வீச்சு ஆய்விதழில். கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு மஜ்ஜை செல்களை ஏற்றியபோது மண்ணீரலில் முடிச்சுகள் வளர்ந்தன. ஒரு முடிச்சு ஒரே செல்லிலிருந்து வருகிறது என்று 1963-இல் ஆன்ட்ரூ பெக்கரோடு சேர்ந்து காட்டினார்கள். தலைப்பில் தேடினால் சிக்காத இந்தக் கட்டுரை, மேற்கோள் வழியே போனால் சிக்கும்.

மனிதக் கரு ஸ்டெம் செல் பற்றிய ஜேம்ஸ் தாம்சனின் 1998 கட்டுரையிலிருந்து பின்னோக்கிப் போனால் கதையே வேறு. அது 1981-இல் எவன்ஸும் காஃப்மனும், தனியாக மார்ட்டினும் எலிக் கருவில் செய்த வேலையைச் சுட்டுகிறது. அதற்கும் முன்னால், 1950-களில், அமெரிக்காவின் பார் ஹார்பரில் லிராய் ஸ்டீவன்ஸ் எலிகளின் விரைக் கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆக, ஒரே பெயருக்கு இரண்டு வம்சாவளி. வெறும் எண்ணிக்கை பார்க்கிறவருக்கு இது பிடிபடாது, உயிரியல் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகளின் பட்டம் உதவுவது இங்கேதான்.

சரி, வேலை? ஐ.டி. போல வரிசையாகக் காத்திருக்காது. டெல்லியில் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் கீழ் அறிவியல் தகவல்தொடர்பையும் கொள்கையையும் ஆராயும் நிஸ்பர் நிறுவனம், பல்கலைக்கழக நூலகங்கள், காப்புரிமைத் தகவல்களை ஆராயும் தனியார் நிறுவனங்கள், இப்படித்தான் தேட வேண்டும். நூலகப் பணிக்கு நூலக அறிவியல் பட்டமும் வேண்டும். அதைப் படிக்க, பெங்களூரில் டி.ஆர்.டி.சி. என்ற கல்வி மையம் நல்ல இடம், தொடங்கியவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அப்புறம், பைத்தான் (Python), ஆர் (R) என்ற கணினி நிரல் மொழிகளில் ஒன்று கட்டாயம்.

படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் மகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். தாம்சன் கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து மூன்று தலைமுறை பின்னால் போய், வி.ஓ.எஸ். வியூவர் (VOSviewer) என்ற இலவச மென்பொருளில், எந்தக் கட்டுரை எதைச் சுட்டுகிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டாவது நாளே சலித்துவிட்டால், வேறு வழி பேசுவோம்.