துடைப்பம் நடக்கும் இசை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. 'லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ்' கார்ட்டூனை விரும்பிப் பார்க்கிறாள். பகுதிக்கு ஒரு மேலைச் செவ்வியல் இசை, ஒரு கலைப்படைப்பு என்று வருகிறது. 'அடாஜியோ', 'அலெக்ரோ' என்றெல்லாம் சொல்கிறாள். எனக்கோ இந்த இசையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. கடைசியில் இது பொம்மைப் படத்தின் பின்னணி இசையாகவே அவள் மனதில் தங்கிவிடாதா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

தங்கட்டுமே. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் எனக்கு அறிமுகமானது ஒரு பூனையின் மூலம்தான். 1947இல் வந்த 'தி கேட் கான்செர்ட்டோ'வில் டாம் கச்சேரி உடையில் அமர்ந்து அவருடைய இரண்டாம் ஹங்கேரியன் ராப்சோடி என்ற பியானோ இசையை வாசிக்கும். ஜெர்ரி பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். பல வருடங்கள் கழித்து அதை இசைத்தட்டில் கேட்டபோது முதலில் எலிதான் ஓடியது. நாலைந்து முறை கேட்டதும் எலி தானாகப் போய்விட்டது.

உங்கள் மகள் 'மெதுவாக', 'வேகமாக' என்று பொருள்படும் அந்த இத்தாலியச் சொற்களை ஒப்பிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தொடரில் ராக்கெட் கிளம்புவதற்காகத் தொடையில் தட்டச் சொல்வார்கள் அல்லவா? வேகம் கூடும்போது அவள் கையும் கூடவே ஓடுகிறதா என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' (1940). முழுப்படத்தையும் காட்டிவிடாதீர்கள், இரண்டு மணி நேரம் ஓடும், கடைசிப் பகுதியில் மலையுச்சிப் பூதம் வேறு வந்து பயமுறுத்தும். மிக்கி மந்திரவாதியின் சீடனாக வரும் பத்து நிமிடம் போதும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டூக்கா அந்த இசையை எழுதியது 1897இல். ஆகவே இங்கே இசை பின்னணி அல்ல, இசைக்குத்தான் படம் வரைந்திருக்கிறார்கள். தண்ணீர் சுமக்கும் துடைப்பம் பஸூனின் தாளத்துக்கு நடக்கும். பஸூன் நம் நாகசுரம்போலச் சீவாளி வைத்து ஊதுவது, குரல் மட்டும் கனமானது. மிக்கி கோடரியால் துடைப்பத்தைச் சிதைத்ததும் எல்லாம் அடங்கிவிடும். பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல். சிராய்கள் அசையும்.

என் தங்கையின் பேரன் அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது என்ன வாத்தியம், சொல்லு பார்ப்போம்?" என்றேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான்.

மறுவாரம் அவன் படம் வரைந்துகொண்டிருந்தபோது இசையை மட்டும் ஒலிக்கவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முனகல் வரும் இடத்தில் அவன் கையிலிருந்த கிரேயான் நின்றது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். இதற்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஓவியத்தில்தான் எனக்கு இந்த வழி ஒப்பவில்லை. இசை ஓடுவது, அனிமேஷனும் ஓடுவது, இரண்டுக்கும் ஒத்துப்போகும். ஓவியமோ நிற்பது. வான்கோ 1889இல் வரைந்த 'விண்மீன் இரவி'ல் வானத்தைச் சுழல வைக்க வேண்டியது பார்க்கிறவரின் கண். திரையிலேயே அதைச் சுழற்றிக் காட்டிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. ஒரு நல்ல அச்சுப்பிரதி வாங்கி, அவள் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே, அவள் உயரத்துக்கு மாட்டுங்கள். விளக்கம் வேண்டாம்.

எங்கள் வீட்டில் அப்படி மாட்டி இரண்டு மாதம் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "ஊருக்குப் பக்கத்தில் கறுப்பாக நெருப்பு எரிகிறதே, யாரும் ஏன் அணைக்கவில்லை?"

சைப்ரஸ் மரம் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.