அகற்றிய பாலிப் மீண்டும் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. அதிக உதிரப்போக்குக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் டி அண்ட் சி (கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுப்பது) செய்து, பாலிப்பை (உட்சுவரில் வளரும் சதை) எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது மீண்டும் மாதந்தோறும் பத்து நாள் உதிரப்போக்கு இருக்கிறது. ஸ்கேனில் 14 மி.மீ. பாலிப் தெரிகிறது. கருப்பையை எடுத்துவிடுவதுதான் வழியா?

பதில்: கருப்பையைப் பற்றி முடிவெடுக்கும் முன், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அதில் வெறும் டி அண்ட் சி என்று மட்டும் இருந்தால், இப்போது தெரிவது புதிதாக வளர்ந்த பாலிப்தானா, அன்று விடுபட்டதன் மிச்சமா என்ற சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. டி அண்ட் சியில் மருத்துவர் கருப்பையின் உட்புறத்தைப் பார்ப்பதில்லை. கை உணர்வை நம்பியே சுரண்டுகிறார். காம்பில் தொங்கும் மென்மையான பாலிப், கருவி படும்போது ஒதுங்கிக்கொள்ளும். நுனி மட்டும் பிய்ந்து வந்து, இரத்தக் குழாய் ஓடும் அடிப்பகுதி அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. ஹிஸ்டரோஸ்கோபியில் மெல்லிய கேமராவைச் செலுத்தி, உப்புநீரால் கருப்பையை விரித்து, திரையில் பார்த்துக்கொண்டே காம்பை அடியோடு வெட்டலாம். உங்களுக்கு அடுத்ததாகச் செய்ய வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

அடியோடு எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். பாலிப் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்வது. உடற்பருமன், முட்டை வெளிவராத ஒழுங்கற்ற சுழற்சி, மார்பகப் புற்றுநோய்க்காக உட்கொள்ளும் தமாக்ஸிஃபென் மாத்திரை ஆகியவை அந்தத் தூண்டுதலை நீடிக்கச் செய்யும். மீண்டும் வருவதைக் குறைக்க, 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட ஹார்மோன் காப்பர்-டி (பெயர்தான் அப்படி, அதில் செம்பு கிடையாது) பொருத்திக்கொள்வது நல்ல வழி. உதிரப்போக்கும் வெகுவாகக் குறையும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை சொட்டுச் சொட்டாகப் படுவது இயல்பு என்பது தெரியாமல், இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வருபவர்கள் பலர்.

எடுத்த திசுவைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய பயாப்ஸி முடிவையும் கேட்டு வாங்குங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் பெரும்பாலான பாலிப்கள் புற்றுநோயற்றவை. இயல்பு மாறிய செல்களுடன் உட்சுவர்த் தடிப்பு இருப்பதாக முடிவு வந்தால், கருப்பையை அகற்றும் ஆலோசனைக்கு வலுவான காரணம் இருக்கிறது. பாலிப் திரும்ப வந்தது என்பது மட்டுமே அதற்குப் போதுமான காரணம் அன்று.

பாலிப்பைத் தவிர, தைராய்டு கோளாறு, நார்த்திசுக் கட்டி, அடினோமயோசிஸ் (உட்சுவர்த் திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது) ஆகியவையும் உதிரப்போக்கை அதிகரிக்கும் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபினுடன், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்துச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். ஸ்கேனை அந்த மாத உதிரப்போக்கு நின்றதும், சுழற்சியின் பத்தாம் நாளை ஒட்டி எடுப்பது நல்லது. பிந்தினால் தடித்த உட்சுவர் பாலிப்பை மறைத்துவிடும்.

ஹிஸ்டரோஸ்கோபிக்குக் காத்திருக்கும் நாட்களில், மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.