சிரிக்க வைக்கும் நாவல் எந்த அலமாரியில்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில நகைச்சுவை நாவல்களை விடாமல் வாசிக்கிறாள். அந்த வயதுக்கு, சிரிக்க வைத்து நல்ல கருத்தும் சொல்கிற தமிழ் நாவல் ஒன்றுகூடப் புத்தகக் காட்சியில் கிடைக்கவில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த ‘நல்ல கருத்தை’ ஓரமாக வையுங்கள். ஆங்கிலப் புத்தகம் வாங்கும்போது அதில் என்ன கருத்து இருக்கிறது என்று பார்த்தா வாங்கித் தருகிறீர்கள்? தமிழ் என்றால் மட்டும் புத்தகம் வாத்தியார் வேலையும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 14 வயதுப் பெண் அதை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்து மூடி வைத்துவிடுவாள்.

அடுத்தது, நீங்கள் தேடிய இடம். சிறுவர் நூல் அரங்குகளில் இருப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கானது. தமிழில் நகைச்சுவை நாவல் வளர்ந்ததோ வார இதழ்களில். வீட்டுக்கு ஒரு இதழ் வரும், அதைத் தாத்தாவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் பிடுங்கிப் படிப்பார்கள், அதனால் பதின்வயதுக்கு என்று யாரும் தனியாக எழுதவில்லை. பெரியவர்கள் அலமாரிக்குப் போய் தேவன், சாவி, பாக்கியம் ராமசாமி என்ற எழுத்தாளர்களின் புத்தகங்களைக் கேளுங்கள்.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வில் ஆரம்பிக்கலாம். கண்டிப்பாகப் பார்த்தால் அது நாவல் இல்லை, ஒரே ஆளைச் சுற்றிய கதைகளின் வரிசை. ஆனால் 14 வயதுக்கு அதுவே வசதி. அசடு என்று ஊரே நினைக்கும் சாம்பு எதையாவது தப்பும் தவறுமாகச் செய்து வைப்பார், குற்றவாளி தானாக மாட்டுவான், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பெரிய மூளை என்று நம்பி அசந்து போவார். தேவன் 1957-இல் மறைந்தார். 60 ஆண்டு பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இப்போது யார் வேண்டுமானாலும் அவர் புத்தகங்களை அச்சிடலாம், கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

முழு நாவல்தான் வேண்டுமென்றால் சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’. 1963-இல் விகடனில் வந்த தொடர். அமெரிக்கக் கோடீஸ்வரி ராக்ஃபெல்லர் சீமாட்டிக்காக நம்மூர்க் கல்யாணம் அப்படியே அமெரிக்காவுக்குப் போகிறது, அப்பளம் இடுவது உட்பட. பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி – சீதாப்பாட்டி கதைகளில் தாத்தா அடிக்கும் கூத்தும், பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவியான சீதாப்பாட்டி பேசும் இங்கிலீஷும் இன்றைய பிள்ளைக்கும் பிடிக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவற்றில் வருவது பெரும்பாலும் சென்னை நடுத்தர வர்க்கத்துப் பிராமண வீடுகள், அந்தப் பேச்சு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டாது. உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்வதும் அந்தக் காலத்து நகைச்சுவையில் சாதாரணம். உங்கள் மகள் அதைக் கவனித்து முகம் சுளித்தால் அவள் பக்கம்தான் நியாயம், உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. மலையாளத்தில் 1959-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. ஓய்வெடுக்கலாம் என்று எழுத்தாளர் வீட்டுக்கு வருகிறார். அங்கே உம்மா (அம்மா), தம்பிகள், தங்கைகள், குழந்தைகள், கோழி, பூனை எல்லாருமாகச் சேர்ந்து ஒரே அமளி, போதாக்குறைக்கு அந்த ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிட்டுக் கம்பளிக்கு வருகிறது! குட்டிப் புத்தகம், வறுமையும் அதில் நிறைய உண்டு, ஆனாலும் ஒரு வரியில்கூட அழுமூஞ்சி இல்லை. எனக்கு இந்தப் பட்டியலில் மிகப் பிடித்தது இதுதான்.

உங்கள் குறையில் நியாயம் இருப்பது ஒரே இடத்தில். டியூஷன், கைபேசி, வாட்ஸப் குழுச் சண்டை என்று இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையையே நாயகியாக வைத்த நகைச்சுவை நாவல் தமிழில் மிக மிகக் குறைவு. எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளைகளில் பலர் தமிழ் வாசிப்புக்குத் திரும்புவதில்லை.

சாம்புவை முதலில் வாங்குங்கள். இரண்டு கதை படித்தும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், நேரே பஷீரைக் கொடுத்துவிடுங்கள்.