கடை கைமாறினால் 15 ஆண்டுக் குத்தகை நிற்குமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் ஒரு மனையையும் அதிலுள்ள கடையையும் 2021-இல் 15 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தேன். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது; பதிவு செய்யவில்லை. மசாலா அரைக்கும் இயந்திரங்களை என் செலவில் நிறுவியிருக்கிறேன். உரிமையாளர் இப்போது இடத்தை விற்கப்போகிறார். வாங்குபவர் என்னைக் காலி செய்யச் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது, அம்மா. தென்னாப்பிரிக்காவில் செல்லுபடியாகும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் விற்பனையைவிடக் குத்தகை முந்தும். பழைய உரிமையாளரின் இடத்துக்குப் புதியவர் வருவார். வாடகையை அவரிடம் கட்டுவீர்கள்.

ஆனால் இது 2031 வரைதான் உறுதி. 1969-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டப்படி, 10 ஆண்டோ அதற்கு மேலோ போனால் அது நீண்டகாலக் குத்தகை. (5 ஆண்டுக்கு எழுதி, இன்னொரு 5 ஆண்டு நீட்டிக்கும் உரிமையைக் குத்தகைதாரருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.) சொத்துப் பத்திரத்தின்மேல் பதிவாகாத நீண்டகாலக் குத்தகை, 10 ஆண்டு முடிந்தபின் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது, வாங்கும்போதே அவருக்கு அது தெரிந்திருந்தால் மட்டும் கட்டுப்படுத்தும்.

எனவே முதல் வேலையாக, ஒப்பந்த நகலோடு வாங்குபவருக்கும் பத்திரம் மாற்றும் வழக்கறிஞருக்கும் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம்.

அடுத்தது பதிவு. கையிலுள்ள ஒப்பந்தத்தை அப்படியே பதிய முடியாது. நோட்டரி முன்னிலையில் பத்திரமாக எழுதிக் கையெழுத்திட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை. விற்பனை முடியும் முன்பே கேளுங்கள். முத்திரை வரி 2009 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நோட்டரி கட்டணமும் பதிவுக் கட்டணமும் உண்டு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வங்கி அடமானம். உங்கள் குத்தகைக்கு முன்பே உரிமையாளர் அடமானம் வைத்திருந்து, தவணை கட்டத் தவறினால், இடம் ஏலத்துக்கு வரும். குத்தகையோடு ஏலம் விட்டும் வங்கிக்கடன் அடையாவிட்டால், குத்தகை இல்லாமலே விற்கலாம். அப்போது 2031 வரை என்ற பாதுகாப்பும் போய்விடும். அடமானம் உண்டா என்று பதிவேட்டில் முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால், குத்தகைக்கு முன்னுரிமை தருவதாக வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தையும் பத்திரத்தோடு சேர்த்தே பதியச் சொல்லுங்கள்.

பதிவான நீண்டகாலக் குத்தகை அசையாச் சொத்தாகவே கருதப்படும். இயந்திரங்களுக்கு மேலும் கடன் தேவைப்பட்டால் அதையே அடமானம் வைக்கலாம்.