சூடு கண்ட பூனை: மூளையும் தண்டனையும் – வாசகர் கேள்விகள்

போன வருடம் பிரியாணி சாப்பிட்ட இரவு கடும் வாந்தி. வைரஸ்தான் காரணம் என்றார் டாக்டர். இன்றும் அந்த வாசனை வந்தாலே குமட்டுகிறது. உண்மை தெரிந்த பிறகும் ஏன்? (ஆம்பூர் வாசகர்)

ஆம்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு சங்கடம்! டாக்டரின் விளக்கம் உங்கள் மூளைத்தண்டுவரை எட்டாது. குடலிலிருந்து கிளம்பும் அபாயச் செய்தி, மூளைத்தண்டிலுள்ள பாராபிரேக்கியல் பகுதி வழியாக, ஆபத்தை நினைவில் பதிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குப் போகிறது. உண்டதற்கும் குமட்டலுக்கும் இடையே சில மணி நேரம் ஓடியிருந்தாலும், ஒரே தடவையில் வெறுப்பு பதிந்துவிடும்.

ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் 1966-இல் எலிகளுக்குச் சுவை, ஒளி, ஓசை மூன்றும் சேர்ந்துவரும் நீரைக் கொடுத்தார்கள். பிறகு நோயுற்ற எலிகள் சுவையை ஒதுக்கின. மின்னதிர்ச்சி வாங்கியவை ஒளியையும் ஓசையையும் கண்டு விலகின. வயிற்றுக் கோளாறு என்றால் மூளை முதலில் சந்தேகிப்பது வாயில் போட்டதைத்தான்.

கீமோதெரபிக்கு முன் சாப்பிட்ட ஐஸ்கிரீமைக் குழந்தைகள் பின்னர் வெறுத்ததை 1978-இல் இலீன் பெர்ன்ஸ்டீன் காட்டினார். அதிலிருந்து பிறந்த உபாயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாப்பாட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே, பழக்கமில்லாத சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுப்பது. பழி பெரும்பாலும் மிட்டாய்மேல் விழும், சாப்பாடு தப்பும். உங்களுக்கு என் யோசனை: நன்றாகப் பசிக்கும் நாளில் இரண்டு வாய், பிறகு இன்னொரு நாள் இரண்டு வாய். வற்புறுத்தினால் வெறுப்பு கூடும்.

அடித்தால்தான் கணக்கு வரும் என்கிறார் என் மகனின் டியூஷன் மாஸ்டர். மூளை அறிவியல் என்ன சொல்கிறது? (மன்னார்குடி வாசகி)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. டியூஷன் வீட்டில் மட்டும் பிள்ளைக்கு வேறு மூளையா?

அடி விழும்போது இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று, ‘எதைப் பார்த்தபோது வலித்தது’ என்பது. இதை அமிக்டலா நொடியில் எழுதிக்கொள்ளும். மற்றது, ‘நான் எதைச் செய்ததால் வலித்தது’ என்பது. இதற்கு முன்மூளைப் புறணியும், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியும் சேர்ந்து உழைக்க வேண்டும். தவறும் தண்டனையும் தெளிவாகப் பிணைந்திருக்கவும் வேண்டும். கூட்டலில் எங்கே பிசகியது என்று புரியாத பையனுக்கு அந்தப் பிணைப்பு எங்கிருந்து வரும்? அவனிடம் மிஞ்சுவது முதல் கணக்கு மட்டும்: மாஸ்டர், பிரம்பு, கணக்குப் புத்தகம், மாலை ஐந்து மணி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்கிறோம் அல்லவா? அது அடுப்பைப் பற்றி எதுவும் கற்கவில்லை, அடுப்பங்கரையையே விட்டுவிட்டது.

போதாக்குறைக்கு, கடும் அச்சம் முன்மூளையின் வேலைத்திறனைக் குறைக்கும். மனக்கணக்குக்குத் தேவையான பகுதியே அதுதான். மாஸ்டரை மாற்றுங்கள்.

ஏமாற்றத்துக்கென மூளையில் தனி இடம் உண்டா? (கல்லூரி மாணவர், மதுரை)

தனி இடம் என்பது அதிகம். ஆனால் பக்கவாட்டு ஹெபனுலா என்ற சிறு பகுதி நெருங்கி வருகிறது. 2007-இல் மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் குரங்குகளில் பார்த்தது: பரிசு கிடைக்காது என்ற குறிப்பு தெரிந்ததும் ஹெபனுலா துடித்தது, பரிசு வரும்போது டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அடங்கின. அந்த அடங்கலையே ‘இனி இது வேண்டாம்’ என்ற பாடமாக மூளை எடுத்துக்கொள்கிறது.

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். மாத்திரை மாற்றிய பிறகு கைபேசியில் ரம்மி ஆடிப் பணத்தை இழக்கிறார்; எத்தனை தோற்றாலும் உறைக்கவில்லை. வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டதா? (கோவை வாசகி)

அவரைத் திட்டாதீர்கள். மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் 2004-இல் கண்டது இது: மாத்திரை எடுக்காத நேரத்தில் பார்கின்சன் நோயாளிகள் தவறான தேர்வுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள், மாத்திரை எடுத்தபோது வெற்றிகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள். தோல்வியின்போது டோபமைன் சரிய வேண்டும், டோபமைனைக் கூட்டும் மருந்து அந்தச் சரிவை மூடிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மருந்துகளுக்கு அடங்காத சூதாட்டம் அறியப்பட்ட பக்கவிளைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் ரம்மி விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பல குடும்பங்கள் மறைக்கின்றன. அதுவரை வங்கிக் கணக்கு உங்கள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

அமிக்டலா இல்லாவிட்டால் பயமே இருக்காதா? (பெயர் குறிப்பிடாதவர்)

ஆய்வுகளில் எஸ்.எம். என்று குறிப்பிடப்படும் பெண்ணுக்கு இரு பக்க அமிக்டலாவும் சிதைந்திருந்தது. பாம்பும் பேய்வீடும் அவரை அசைக்கவில்லை. ஆனால் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது பீதியடைந்தார் என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மூச்சுமுட்டலுக்கு வேறு பாதை இருக்கிறது.