ஹன்ஸ்லெட்டின் நான்கு கோப்பைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ரக்பி லீக் வரலாற்றில் 1907–08 பருவத்தில் ஹன்ஸ்லெட் அணி சாம்பியன் பட்டம், சேலஞ்ச் கோப்பை, தன் மாவட்டமான யார்க்ஷயரின் கோப்பை, அதன் லீக் என்று நான்கு கோப்பைகளையும் வென்றது பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தேன். அந்தப் பருவத்தின் புள்ளிப்பட்டியலைத் தேடிப் பார்த்தால் முதலிடத்தில் இருப்பது ஓல்டாம், ஹன்ஸ்லெட்டுக்கு இரண்டாமிடம்தான். பருவம் முழுவதும் ஆடி முதலிடம் பிடித்த அணியை ஒதுக்கிவிட்டு, இறுதிப் போட்டியில் வென்ற அணியைச் சாம்பியன் என்பது முறையா? அந்த இறுதிப் போட்டியும் முதலில் சமநிலையில்தான் முடிந்திருக்கிறது. நான்கு கோப்பை என்ற பெருமையே கொஞ்சம் மிகையோ என்று ஐயுறுகிறேன்.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயத்தின் முதல் பாதியை என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டாம் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது.

இன்றைய பட்டியல்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அன்றைய பட்டியலைப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வேல்ஸிலிருந்து அந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த எப்பு வேல், மெர்தர் டிட்ஃபில் ஆகிய இரண்டையும் கணக்கில் கொண்டால், நார்தர்ன் யூனியன் என்று அப்போது அழைக்கப்பட்ட அமைப்பின் லீக்கில் 27 சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இருமுறை மோதுவதென்றால் ஓர் அணிக்கு 52 ஆட்டங்கள் வரும். சுரங்கத்திலும் ஆலையிலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டுச் சனிக்கிழமை பிற்பகலில் களமிறங்கியவர்களுக்கு, செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் அது நடக்கிற காரியமல்ல. ஆகவே யார்க்ஷயர் அணிகள் பெரும்பாலும் யார்க்ஷயர் அணிகளோடும், லங்காஷயர் அணிகள் தம் அண்டை அணிகளோடும் மோதின. மாவட்ட எல்லையைத் தாண்டிய ஆட்டங்கள் சிலவே. எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லை, ஒரே எதிரிகளோடும் ஆடவில்லை என்பதால், பெற்ற லீக் புள்ளிகளைச் சதவீதமாக்கித்தான் வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையில் ஓல்டாம் முதலில் நின்றது ஒரு வலுவான சான்றுதான். ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது. 1905–06 பருவத்தில் லீ அணி சதவீதக் கணக்கின்படியே சாம்பியன் ஆனது. அடுத்த பருவத்திலேயே முதல் நான்கு அணிகளை மோதவிட்டு முடிவு காணும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, விதி ஹன்ஸ்லெட்டுக்காக வளைக்கப்படவில்லை. ஓல்டாமுக்கும் அது முன்பே தெரிந்த விதிதான்.

சமநிலை ஆட்டத்தைப் பொறுத்தவரை, சால்ஃபோர்டில் 7–7 என முடிந்ததால் பறிபோனது ஹன்ஸ்லெட்டின் பெருமை அல்ல. ஓல்டாமுக்குத்தான் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. வேக்ஃபீல்டில் நடந்த மறு ஆட்டத்தில் ஹன்ஸ்லெட் 12–2 என்று வென்றது. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்கு 3 புள்ளியும், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஒரு கோலுக்கு 2 புள்ளியும் தந்த காலத்தில், 2 புள்ளி என்றால் ஒரேயொரு கோல். எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓல்டாம் ஒருமுறைகூடப் பந்தை வைக்கவில்லை என்று பொருள். அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல மனம் வரவில்லை.

மற்ற இறுதிப் போட்டிகளும் இதே கதைதான். 1907 டிசம்பர் 21 அன்று ஹெடிங்லியில், முந்தைய பருவத்தின் சாம்பியனான ஹாலிஃபாக்ஸை 17–0 என வீழ்த்தி யார்க்ஷயர் கோப்பையை எடுத்தார்கள். 1908 ஏப்ரல் 25 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஃபார்டவுன் மைதானத்தில், வசந்த காலத்தில் யாரும் எதிர்பாராத பனிப்பொழிவுக்கு நடுவே, ஹல் அணியை 14–0 என வென்று சேலஞ்ச் கோப்பையைப் பெற்றார்கள். பந்து கைக்கு வழுக்கும் அத்தகைய தரையில் ஓட்டக்காரர்களைவிட முன்வரிசையும் உதைப்பவரும்தான் ஆட்டத்தை முடிவு செய்வார்கள்; ஹன்ஸ்லெட்டிடம் இரண்டும் இருந்தன. 1906-இல் அணிக்கு 13 பேர் என்று குறைத்தபின் முன்வரிசைக்கு ஆறு பேரே மிஞ்சினார்கள். ஹன்ஸ்லெட்டின் அந்த ஆறு பேருக்கு 'பயங்கர அறுவர்' என்றே பெயர். அவர்கள் வென்று தந்த பந்தை ஓட்டத்தின் நடுவே தரையில் விட்டு, அது எழும் கணத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவதில் தேர்ந்தவர் 36 வயதான தலைவர் ஆல்பர்ட் கோல்ட்தார்ப். ஒரே பருவத்தில் 100 கோல்களைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. 1888 முதல் அதே சங்கத்துக்கு ஆடிவந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாம் பாதி. நான்காவது கோப்பையான யார்க்ஷயர் லீக் தனியொரு போட்டித் தொடர் அல்ல. பெரிய லீக்கில் யார்க்ஷயர் அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களையே பிரித்தெடுத்துப் போட்ட பட்டியல் அது. ஒரே வெற்றி இரண்டு இடத்தில் வரவு வைக்கப்பட்டது. எனவே மூன்றரைக் கோப்பை என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். இருந்தாலும் அந்த வசதி, லங்காஷயர் அணிகளுக்குத் தம் மாவட்டத்தின் பெயரிலுமாக, எல்லா அணிகளுக்கும் இருந்தது. 1914–15-இல் ஹடர்ஸ்ஃபீல்டும் 1927–28-இல் ஸ்விண்டனும் தவிர வேறெவரும் நான்கையும் எட்டவில்லை. அறுவரில் ஒருவரான ஜான் வில்லி ஹிக்சன், ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மாறிப்போய் அங்கும் நான்கையும் வென்றார்.

ஓல்டாமுக்காக நீங்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் அவர்களும் 1910–11 பருவத்தில் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த விகன் அணியை இறுதிப் போட்டியில் 20–7 என்று வென்றுதான் சாம்பியன் ஆனார்கள்.